மேற்குச் சுவரின் பொய் ஜன்னல்

ஜூன் 9

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் நம் இருவரில் ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி பாதியில் வைத்துவிடுவாள். யார் எதைச் செய்வோம் என்றுகூட என்னால் சொல்ல முடியாது. அதனால் கடிதம்.

என் முழங்கால் இனி மாடிப்படியை ஒத்துக்கொள்ளாது. கோடையிலேயே கட்டிலைக் கீழே இறக்கிவிட்டேன். குளியலறைக்குப் பக்கத்தில் இருப்பது அந்தச் சின்ன மேற்கு அறை ஒன்றுதான். அதில் நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. மின்சாரம் போய்விட்டால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூடத்து வெளிச்சம் கொஞ்சம் உள்ளே வராதா என்று உட்கார்ந்திருக்கிறேன். வலது கண் இனித் தேறாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணில் மிச்சமிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், நல்ல வெளிச்சத்தில் இருங்கள் என்கிறார்.

ஆகவே, அந்த அறையின் பொய் ஜன்னலை உடைத்து நிஜ ஜன்னலாக்க உங்கள் சம்மதம் வேண்டும். வீடு ஆளுக்குப் பாதி, வெளிச்சுவரில் எதைச் செய்வதானாலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீங்களும் உங்கள் அண்ணனும் எழுதிக்கொண்டது நினைவிருக்கும். அவர் உயிரோடு இருந்தபோது இதையே உங்களிடம் ஒருமுறை கேட்டார். என்ன பதில் சொன்னீர்கள் என்பதும் நினைவிருக்கும்.

முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். என் தங்கை தன் வீட்டுக்கு வரச் சொல்கிறாள். அங்கே எனக்கு ஓர் அறை இருக்கிறதாம், அறையில் ஜன்னல் இருக்கிறதாம். நான் போவதானால் வீட்டைப் பூட்டிச் சாவியை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணனின் மனைவி


ஜூன் 17

அண்ணி,

முதல் வரியைப் படித்ததும் உறையைத் திருப்பிப் பார்த்தேன், வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று. எப்போதிலிருந்து நான் உங்களுக்கு ‘நீங்கள்’ ஆனேன்? நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் கல்லூரிப் பரீட்சை. தினமும் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டவர் நீங்கள். இழுத்த இழுப்பில் கண் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும். வலித்தாலும் சொல்லமாட்டேன். இந்தக் கடிதம் அதைவிட வலித்தது.

கண் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான்.

ஆனால் அந்த ஜன்னலை உடைக்கச் சம்மதிக்க முடியாது. ஏன் என்பதைக் கோபப்படாமல் கேளுங்கள். சர்க்கரை ஆலையை நிறுவிய வெள்ளைக்காரர் ஓய்வுக்கென்று கட்டிய கிராமத்து மாளிகை அது. அவருடைய பணத்துக்கு மலையிலிருந்து கல் கொண்டுவந்திருக்கலாம். வேண்டாமென்று, அந்த மண்ணையே சுட்டுச் செங்கல்லில் கட்டினார். தூண்கள்கூடச் செங்கல்தான். மேலே சுண்ணாம்பு பூசி, கல் மாதிரி கோடு போட்டிருக்கிறார்கள். விருந்தினர்களின் வண்டி மேற்குப் பாதையிலிருந்து வரும் என்பதால் அந்த முகப்பில் ஐந்து ஜன்னல்களை ஒரே அளவில் வரிசையாக வைத்தார்கள். ஆனால் நடு அறை மது பாட்டில்கள் வைக்கும் அறை. அங்கே வெளிச்சம் ஆகாது. அதனால் நடு ஜன்னலை மட்டும் சுவராகவே எழுப்பி, அதன்மேல் மூடிய பச்சைக் கதவை ஓவியமாக வரைந்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஐந்தும் ஜன்னல். இந்த வீட்டிலேயே புத்திசாலித்தனமான இடம் அதுதான். என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயமே அதைப் பற்றியது.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பட்டியலில் இந்த வீட்டைச் சேர்க்க விண்ணப்பித்திருக்கிறேன். செப்டம்பரில் குழு வருகிறது. அவர்கள் முக்கியமாகப் பார்க்கப்போவது அந்த ஜன்னலைத்தான். பட்டியலில் சேர்ந்துவிட்டால், நாம் இருவரும் இல்லாத காலத்திலும் யாரும் வீட்டை இடிக்க முடியாது.

சாப்பாட்டு அறைக்குக் கட்டிலை மாற்றிக்கொள்ளலாமே? அங்கே இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன. தங்கை வீட்டுக்குப் போவதைப் பற்றி இப்போதே முடிவு செய்யாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஜூலை 3

பேராசிரியருக்கு,

சாப்பாட்டு அறையிலிருந்து குளியலறைக்கு வர மூன்று படி இறங்கி, கூடத்தைச் சுற்றி வர வேண்டும். அந்த அறையை அங்குலம் அங்குலமாக அளந்து படம் போட்டவள் நீ. படி இருப்பது உனக்கு மறந்துவிட்டதா? இதோ, ‘நீ’ என்று எழுதிவிட்டேன். திருப்திதானே?

வேறொன்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான்கு நாள் விடாத மழை. மேற்குச் சுவர் முழுக்க ஊறிவிட்டது. முந்தாநாள் அறைக்குள், பொய் ஜன்னல் மாடத்தில் இருந்த பூச்சு பாயளவுக்குப் பெயர்ந்து என் கட்டில் காலடியில் விழுந்தது. நான் எதையும் தொடவில்லை. உன் கையெழுத்து இல்லாமல் ஆணிகூட அடிக்கவில்லை. மழைதான் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டது.

‘நாளைக்கு’ கொத்தனாருக்குச் சொல்லியனுப்பினேன். உனக்கு அவரை நினைவிருக்கும், எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பாரே, அவரேதான். அதிசயமாக அன்றைக்கே வந்துவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அம்மா, இந்தக் கல்லு எங்கேந்து வந்துச்சு?”

சுற்றிலும் இருக்கும் சுவர் நீ சொல்லும் சிவப்புச் செங்கல்தான். மெலிதாக, கரும்சிவப்பாக இருக்கிறது. ஆனால் மாடத்துக்குள் அடைத்திருப்பது வெளிர் மஞ்சள். கல் தடிமனாகவும் பெரிதாகவும் இருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக நேர்கோடு, கத்தியால் வெட்டியதுபோல. ஒரு கல்கூட அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குள் நுழையவில்லை. மேலே வளைவு இருக்கிறது. ஓரத்தில் துருப்பிடித்த கீல் ஒன்றும் இருக்கிறது.

நான் படித்தவள் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டடம் படித்தவள் இல்லை. கதவே இல்லாத ஜன்னலுக்குக் கீல் எதற்கு?

உன் அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார், “சின்ன வயசுல அந்த ஜன்னல் வழியா நான் பார்த்திருக்கேன், ரூமே ஆரஞ்சு கலர்ல இருக்கும்”னு. உன் சகாக்கள் அத்தனை பேர் முன்னாலும் நீ அவரைப் பார்த்துச் சிரித்தாய். அண்ணன் பிறந்ததிலிருந்தே பகல்கனவு காண்பவர் என்றாய். அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குள் வந்து அந்த அறையில் விளக்குப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அது உனக்குத் தெரியாது.

அண்ணி


ஜூலை 11

அன்புள்ள அண்ணி,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் எழுதியதில், மஞ்சள் செங்கல் கப்பலில் வந்திருக்கலாம், அந்தக் காலத்தில் அப்படி வருவதுண்டு என்று இரண்டு பக்கம் விளக்கியிருந்தேன். படித்துப் பார்த்தபோது, பதில் தெரியாத மாணவி நிறைய எழுதி மதிப்பெண் வாங்கப் பார்ப்பது போலிருந்தது.

ஒரு காரியம் செய்யுங்கள். மஞ்சள் கற்களுக்கு நடுவில் இருக்கும் சாந்தை ஓர் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, மாவு மாதிரி உதிர்ந்தால் அது சுண்ணாம்பு. வீடு கட்டியபோதே அடைத்தது என்று கொள்ளலாம். சாம்பல் நிறத்தில், ஆணிக்கு மசியாமல் இருந்தால் சிமெண்ட். அந்த வெள்ளைக்காரர் காலத்தில் அந்த வீட்டுக்குள் சிமெண்ட் நுழையவே இல்லை. கல்லின் முகத்தில் ஏதாவது முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அண்ணன் அன்றைக்கு உள்ளே போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது என்கிறீர்கள். தெரியாதுதான். ஆனால் தெரிந்துகொள்ளாமல் கவனமாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி இப்போதும் யாராவது கூப்பிடமாட்டார்களா என்று இருக்கிறது. “அளவுகோல், இங்க வாடி, இந்த அலமாரி நேரா இருக்கான்னு சொல்லு.” அலமாரி நேராகத்தான் இருக்கும். என்னைக் கூப்பிட ஒரு சாக்கு.

ஆனால் இது அப்பாவே என்னிடம் சொன்னது, அண்ணி. அந்த அத்தியாயம் எழுதும்போது அவரிடம் நேரில் கேட்டேன். “எப்பவுமே அப்படித்தான் இருந்துச்சு, நாங்க குடிவந்தப்பவே அப்படித்தான்” என்றார். வீடு அப்போது ஆலைக்குச் சொந்தம், அவர் அங்கே மேலாளராகக் குடியிருந்தார், பிறகுதான் விலைக்கு வாங்கினார். அலுவலகப் பென்சிலைக்கூட வீட்டுக்கு எடுத்து வராத மனிதர் அவர். அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

உங்கள் நாத்தனார்


ஜூலை 24

என் அளவுகோலுக்கு,

அவர் கூப்பிட்டபடியே கூப்பிட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

சாந்து சாம்பல் நிறம். ஆணிதான் வளைந்தது. கல்லின் முகத்தில் முத்திரை இருக்கிறது. ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்து எழுத்துக் கூட்டினேன். நம் ஆலையின் பெயர். ‘நாளைக்கு’ கொத்தனார் சொன்னார், இது ஆலைக் கொதிகலனுக்குள் வைக்கிற நெருப்புக்கல், வீடு கட்ட யாரும் வாங்க மாட்டார்கள் என்று.

ஆலைக்கல் நம் சுவருக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தூக்கமே இல்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸம்மாவைப் பார்த்தேன். ஆலை மருத்துவமனையில் வேலை செய்தவர், உன்னை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டவர். அவருக்கும் கண் புரை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சைக் கொடுத்தேன். ஜன்னல் என்றதுமே விழுந்து விழுந்து சிரித்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை உன்னைச் சுமந்திருந்தபோது படுத்த படுக்கையாம். மாடி ஏற முடியாது, அந்தச் சின்ன அறையில்தான் கட்டில். சாயங்கால வெயில் உள்ளே வந்தால் தலைவலியில் துடித்துப்போவார்களாம், சாப்பிட்டது எதுவும் நிற்காதாம். ஜன்னல் கதவு உளுத்துப் போயிருந்தது. புதுக் கதவு போட்டுத் தரும்படி மாமா ஆலைக்கு எழுதி எழுதி அலுத்துவிட்டார். போர்வை, கோணி எல்லாம் கட்டிப் பார்த்தார்கள். இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் வந்தாலும் போதும், அத்தைக்கு வாந்தி.

“இப்படியே போனா குழந்தை தங்காதுன்னு நான்தான் சொன்னேன்,” என்றார் நர்ஸம்மா. “அடுத்த ஞாயித்துக்கிழமை ஆலை லீவு. மனுஷன் கொதிகலன் கொட்டகையிலேருந்து கல்லைக் கைவண்டியில அள்ளிட்டு வந்து, தானே நின்னு அடைச்சுட்டார். கோணல்மாணலா ஒரு சுவர். அப்புறம்தான் பயம் வந்துச்சு. கம்பெனி வீட்டுல ஆணி அடிக்கவே அனுமதி வேணும். இது ஜன்னலையே காணாம அடிச்ச கேசு.”

நீ பிறந்த பிறகு, வருஷாந்திரச் சோதனைக்கு ஆலை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும், அத்தைதான் மீதமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்து வெளிப்பக்கம் கதவு வரைந்தார்களாம். உன்னை மடியில் போட்டுக்கொண்டே. இன்ஸ்பெக்டர் வண்டியிலிருந்து பார்த்தார், ஐந்து ஜன்னலும் இருந்தது, போய்விட்டார். இன்னொரு வருஷம் கிட்டே வந்து பார்த்துக் கேட்டபோது மாமா எப்பவுமே அப்படித்தான் என்று சொல்ல, அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அதன் பிறகு திறந்தால் விளக்கம் சொல்ல வேண்டுமே. அப்படியே விட்டுவிட்டார்கள்.

உன் ஆய்வேட்டில் அந்த ஓவியத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று எடுத்துப் பார்த்தேன். ‘தேர்ந்த வெளிநாட்டு ஓவியரின் கைவண்ணம்’ என்று இருக்கிறது. அத்தை இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

வீட்டை விலைக்கு வாங்கிய பிறகாவது மாமா உன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீ கேட்டபோது பழைய பழக்கத்தில் அதே பதில் வாயில் வந்துவிட்டதாம். மறுநாள் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தாராம். அதற்குள் நீ பரிசு வாங்கி, புத்தகமாக அச்சடித்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டாய். “இனிமே எப்படிச் சொல்றது, குழந்தை முகம் வாடிப்போயிடுமே”ன்னு நர்ஸம்மாவிடம் புலம்பினாராம்.

இனிமேல் வருவதுதான் நான் சொல்லத் தயங்கியது. மாமா கடைசியாகப் படுத்திருந்தபோது உன் அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நர்ஸம்மா அப்போது பக்கத்தில் இருந்தார்களாம். தங்கச்சிகிட்ட சொல்லிடாதே என்று கேட்டுக்கொண்டாராம்.

ஆக, நீங்கள் இருவரும் சண்டை போட்ட அன்றைக்கு உன் அண்ணனுக்குத் தெரியும். பூச்சைக் கொஞ்சம் தட்டிக் காட்டியிருந்தால் உன் அத்தியாயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் காட்டவில்லை. சின்ன வயதில் பார்த்த ஞாபகம் என்று மட்டும் சொல்லிவிட்டு, தோற்றுவிட்டு உள்ளே வந்தார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அவருக்காக உன்மேல் கோபமாக இருந்தேன். அவரோ கோபமாகவே இருக்கவில்லை போலிருக்கிறது. இப்போது இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சம்மதம் கேட்டு நான் முதலில் எழுதியதை மறந்துவிடு. உன் குழு செப்டம்பரில் வரட்டும். நான் பூச்சைத் திரும்பப் பூசச் சொல்கிறேன். உன் அப்பாவும் அண்ணனும் காப்பாற்றியதை நான் ஏன் உடைக்க வேண்டும்? தங்கை வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது.

அண்ணி


ஜூலை 31

அண்ணி,

பூச்சைத் தொடாதீர்கள். பெட்டி கட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கல்லூரியில் படித்தேன். அடுத்த வகுப்புக்கு நான் போகவில்லை. போகவில்லை என்பதை ஒரு மாணவி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. உடைத்துவிடுங்கள். குழுவுக்கும் எழுதிவிட்டேன். நடு ஜன்னல் கட்டும்போதே போடப்பட்ட நிஜ ஜன்னல் என்றும், பின்னாளில் அங்கே குடியிருந்தவர் நோயுற்ற மனைவிக்காக ஆலையின் நெருப்புக்கல்லால் அடைத்தார் என்றும், வெளியே இருக்கும் ஓவியம் அந்த மனைவி வரைந்தது என்றும், இப்போது அங்கே வசிப்பவருக்கு வெளிச்சம் தேவைப்படுவதால் திறக்கப்படுகிறது என்றும். ஆய்வேட்டில் இருப்பது தவறு என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். எழுதிவிட்டுப் படித்தபோது, அந்த வீட்டைப் பற்றி நான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது என்று பட்டது. பட்டியலில் சேர்க்கிறார்களா என்று பார்ப்போம். சேர்க்காவிட்டால் நாம் இருவரும் நெடுநாள் உயிரோடு இருந்து காவல் காப்போம்.

கொத்தனாரிடம் சொல்லுங்கள்: மேலே இருக்கும் வளைவை முதலில் மரம் கொடுத்துத் தாங்க வேண்டும். அடைத்த கல்லை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சம்மட்டி கூடாது. முடிந்தால், அம்மாவின் பச்சைக் கதவில் ஒரு துண்டாவது உடையாமல் எடுத்து வையுங்கள். கையகலம் போதும்.

அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அவர் பார்த்த ஆரஞ்சு வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அளவுகோல்


ஆகஸ்ட் 23

அளவுகோலுக்கு,

‘நாளைக்கு’ கொத்தனார் சொன்ன நாளில் வந்தார். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது, ஜன்னலையா அவரையா என்று தெரியவில்லை. நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். “சம்மட்டி கூடாதுன்னா எழுதியிருக்காங்க, நான் என்ன ஜெயிலையா உடைக்கிறேன்?” என்று முறைத்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு கல்லையும் உளியால் நெம்பித்தான் எடுத்தார். சாந்து கெட்டிதான், ஆனால் மாமா கல் அடுக்கிய லட்சணத்தில் பாதி இடுக்கில் சாந்தே இல்லை, அதனால் அதிக வேலை இருக்கவில்லை. வளைவில் ஒரு கீறல் இல்லை. பச்சைக் கதவில் நீ கேட்ட கையகலம் இல்லை, ஒரு தட்டளவுக்குத் துண்டு கிடைத்திருக்கிறது. பெயிண்டுக்குள் தூரிகை முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். காலையில் நிதானமாக இருக்கிறது. புத்தகம் படிக்கலாம். உன் ஆய்வேட்டை முதல் முறையாக முழுதும் படித்தேன், இடது கண்ணால், தினமும் கொஞ்சமாக. ஓர் அத்தியாயம் பொய். மற்றதெல்லாம் நன்றாக எழுதியிருக்கிறாய். உன் அண்ணன் ஓரத்தில் ஆங்காங்கே பென்சிலால் சரி என்று குறி போட்டிருக்கிறார், பொய் அத்தியாயத்துக்கும் சேர்த்து.

சாயங்காலம்தான் விஷயமே. நாலு மணிக்கு மேல் வெயில் உள்ளே வந்து எதிர்ச்சுவர் வரை ஏறிவிடுகிறது. அறை முழுக்க அவர் சொன்ன அதே நிறம். கட்டில், தண்ணீர்ச் செம்பு, என் கை, எல்லாமே. முதல் நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அவர் நாலு வயதில் பார்த்ததை இத்தனை காலம் கழித்துப் பார்க்கிறோமே என்று. கண்ணில் நீர் வந்துவிட்டது. பாதி அவர் நினைப்பு, பாதி வெயில். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் உள்ளே இருக்கவே முடியவில்லை. உன் அம்மாவைக் குறை சொல்லவே முடியாது. இப்போதைக்குப் போர்வை கட்டி வைத்திருக்கிறேன், இடுக்கு வழியாக வருகிறது. ஒழுங்கான திரைச்சீலை வேண்டும். ஜன்னலின் அளவு என்னவென்று கடைக்காரன் கேட்கிறான். எனக்கு அளக்க வராது. வீட்டில் அதற்கென்று ஒருத்தி இருக்கிறாள்.

தங்கையிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மஞ்சள் கற்களைப் பின்கட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் ஆலையே இப்போது இல்லை. உன் அப்பா வாழ்க்கையில் திருடியது அவ்வளவுதான், அதுவும் உனக்காகத் திருடியது. சட்டப்படி அதில் பாதி உனக்கு. எந்தப் பாதி என்று நான் எப்படிப் பிரிப்பது? நீயே வந்து எடுத்துக்கொள்.

அண்ணி